உபதேசியார் வைத்த சுருதி

வேப்பேரி, சென்னை
12 மார்ச் 1986

அண்ணே,

பம்பாய்க் கச்சேரி நன்றாக நடந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பொய். முதல் உருப்படியின் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டேன். சனம் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

வலது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பியானோக் கட்டையில் பட்டதும் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. சோறு பிசையலாம், துணி பிழியலாம், உனக்குக் கடிதம் எழுதலாம். கட்டையில் வைத்தால் மட்டும்தான் இந்தக் கூத்து. ஒன்றரை வருடமாக இப்படி இருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நான்கு டாக்டர்களிடம் போனேன். ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார். ஒருவர் காலாகாலத்தில் கல்யாணம் செய்திருந்தால் இது வந்திருக்காது என்றார். அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறியலாமா என்று பார்த்தேன். கடைசி டாக்டர்தான் உள்ளதைச் சொன்னார். "இத்தனை வருஷம் வாசிச்சதுதாம்மா காரணம். இது திரும்பாது."

எட்டு வயதில் அப்பா என்னைத் தூக்கி அந்த ஸ்டூலில் உட்கார வைத்தார். இப்போது முப்பத்தொன்பது. லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்ததும், பேப்பரில் படம் வந்ததும், எல்லாம் இந்தப் பத்து விரலுக்காக. அதில் இரண்டு போனால் மிச்சம் எட்டு இல்லை அண்ணே, ஒன்றுமே இல்லை.

கல்லூரியில் விஷயம் கசிந்துவிட்டது. மேடை ஏறாத பியானோ ஆசிரியை அவர்களுக்குத் தேவையில்லை. இந்த வருடத்துக்குள் டாக்டர் பட்டம் வாங்கினால் ஆராய்ச்சிப் பிரிவில் இடம் தருவார்கள். வாங்காவிட்டால் வெளியே. கை போன பிறகு எனக்கு இருப்பது இந்த ஆராய்ச்சி ஒன்றுதான்.

அது எதைப் பற்றி என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் சபைக் கோயிலில் நிற்கிறதே, வெள்ளைக்காரத் துரைசாணியம்மா விட்டுப் போன பியானோ, அதைப் பற்றித்தான். அப்பா உபதேசியாராக இருந்த காலத்தில் அதில் செய்து வைத்த வேலையைப் பற்றி. விரிவாக எழுதினால் உனக்குத் தலை சுற்றும், நேரில் சொல்கிறேன். மே மாதம் என் வழிகாட்டி டாக்டர் வேதசிரோமணியும் பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியரும் ஒரு மிஷினோடு வருகிறார்கள். ஒவ்வொரு கட்டையாகச் சோதிப்பார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டால் எனக்குப் பட்டம்.

கை விஷயத்தை மதினியைத் தவிர யாரிடமும் சொல்லாதே.

ஜெயபாய்

---

ராஜபாளையம்
24 மார்ச் 1986

ஜெயா,

உன் கடிதத்தை உன் மதினி ஏசம்மாள் வாசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் வாயை மூடிக்கொண்டாள். பொறவு வாங்கி நானே நாலு தடவை படித்தேன்.

ஏட்டி, ஒன்றரை வருஷமா இதை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய்? போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோதும் சிரித்துக்கொண்டுதானே இருந்தாய். தோசை திங்கும்போது உன் விரலைக்கூட பார்த்தேனே, ஒன்றும் தெரியவில்லையே. எனக்கு உன்மேல் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது. மில்லில் ஷிப்டுக்குப் போய் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டே அழுதேன். அங்கே பஞ்சு பறக்கிறதால் எவன் கண்ணும் சிவந்துதான் இருக்கும், யாரும் கேட்கவில்லை.

மதினி நல்லெண்ணெய் காய்ச்சி ஒரு சீசாவில் அடைத்து வைத்திருக்கிறாள். செட்டியார்பட்டி ஆள் ஒருத்தர் சென்னைக்கு வருகிறார், கொடுத்து விடுகிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் தேய். தேய்த்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சி எல்லாம் எனக்கு என்ன தெரியும். ஆனால் சோதிக்க வருகிறார்கள் என்றால் தெரியும். அப்பா வேலையைச் சோதிக்க வருகிறார்கள் என்கிறாய். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. தை மாதம் கோயிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா, நாகர்கோவில்காரராம், அந்தப் பியானோவில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாருப்பா சுருதி வச்சது, கட்டைக்குக் கட்டை தப்பா இருக்கு" என்று சிரித்தாராம். நம் சபைப் போதகர் ஐயர் என்ன சொன்னார் தெரியுமா? "முந்தி இருந்த உபதேசியாரு தெரியாம திருகிட்டாரு" என்றாராம். கோயிலைக் கூட்டி மணியடிக்கிற கோயில்பிள்ளை ஐயாதுரைதான் வந்து சொன்னான், அவனுக்கே பொறுக்கவில்லை. அப்பாவைப் பற்றி அந்தப் பேச்சு. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ எதற்கும் கவலைப்படாதே. வருகிறவர்கள் முன்னால் உனக்கோ அப்பாவுக்கோ ஒரு சொல் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொன்னுராஜ்

---

வேப்பேரி
4 ஏப்ரல் 1986

அண்ணே,

எண்ணெய் வந்தது. தேய்க்கிறேன். மதினியிடம் சொல்.

மே ஒன்பதாம் தேதி காலையில் வந்து சேருவோம். மிஷினை எடுக்க நான் முந்தியே பெங்களூர் போய்விடுவேன், அங்கிருந்து நேரே வருகிறோம். அதனால் இந்த மாதம் இருபதுக்குமேல் இங்கே எழுதினால் எனக்குக் கிடைக்காது. டாக்டர் வேதசிரோமணிக்குச் சர்க்கரை வியாதி, சாப்பாட்டைக் காலத்தோடு போட வேண்டும். மிஷின் கனமானது, பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேரை வரச் சொல். வேறு நீ ஒன்றும் சிரமப்பட வேண்டாம்.

கல்யாண வீட்டுச் சித்தப்பாவை நினைத்து மனம் வருந்தாதே. என் மானம் இப்போது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அவர்களுக்கு அது தெரியாது.

ஜெயபாய்

---

ராஜபாளையம்
30 ஏப்ரல் 1986

ஜெயா,

இது உனக்குக் கிடைக்காது என்று எழுதியிருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அம்புட்டு சந்தோஷம்.

மில்லுக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? ஒரு வாரம் முந்தியே நூல் நூற்கிற ரிங் பிரேமை எல்லாம் கழற்றி, துடைத்து, ஆயில் விட்டு, தேய்ந்ததை மாற்றி, அளவு வைத்து, புதுசு மாதிரி நிறுத்திவிடுவோம். இருபத்தாறு வருஷமாக பிட்டராக இருக்கிறேன், என் பகுதியில் ஒரு இன்ஸ்பெக்டர் ஒரு குறை எழுதினதில்லை. நம் அப்பா பெட்டியை அழுக்கோடு விட்டுவிடுவேனா?

பத்து நாள் லீவு போட்டேன். ஐயர் சாவியைத் தந்துவிட்டார். உள்ளே எம்புட்டுத் தூசி, எலிப்புழுக்கை! எல்லாம் வழித்து எடுத்தேன். கட்டைகள் இறுகிக் கிடந்தன. மில்லிலிருந்து ஸ்பிண்டில் ஆயில் கொண்டுபோய் அசைகிற இடம் ஒவ்வொன்றுக்கும், கம்பி சுற்றின ஆணி ஒவ்வொன்றுக்கும் விட்டேன். சுத்தியலில் ஒட்டின கம்பளித் துணி பூச்சி அரித்திருந்தது. எங்கள் மிஷின் ரோலருக்குச் சுற்றுகிற துணியை அளவாக வெட்டி ஒட்டினேன். வார்னிஷ் ரெண்டு கோட்டிங்.

சுருதி என் வேலை இல்லை. அதற்கு மதுரையிலிருந்து சீனிச்சாமி என்று ஒருத்தரைக் கூட்டிவந்தேன், ஹார்மோனியம் பியானோ எல்லாம் பார்க்கிறவர். மூன்று நாள் நம் வீட்டில் தங்கி, ரெண்டு பல் வைத்த ஒரு சுருதி முள்ளை முழங்காலில் தட்டித் தட்டி, எண்பத்தைந்து கட்டைக்கும் கம்பி முறுக்கினார். "இனி எந்தக் கொம்பன் வந்து வாசிச்சாலும் ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். அவர் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்.

வந்து பார். கடையிலிருந்து இறக்கினது மாதிரி நிற்கிறது. அப்பா இருந்தால் என்னைக் கட்டிக்கொள்வார்.

பொன்னுராஜ்

---

வேப்பேரி
19 மே 1986

திரு. பொன்னுராஜ் அவர்களுக்கு,

ஒரு வாரமாகப் பேனாவை எடுக்க முடியவில்லை. ஊரில் என்ன நடந்தது என்று உனக்குப் புரிந்திருக்காது. நாங்கள் ஏன் சாப்பிடாமல் கிளம்பினோம் என்றும் புரிந்திருக்காது. எழுதிவிடுகிறேன். பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம்.

டாக்டர் முதல் கட்டையைத் தட்டினார். சுருதி அளக்கும் மிஷினில் முள் சரியாக நடுவில் போய் நின்றது. இரண்டாவது கட்டை, நடுவில். பத்தாவது, இருபதாவது, எல்லாம் நடுவில். முப்பதாவது கட்டையில் அவர் மூடியைச் சாத்திவிட்டு, "மிஸ் ஜெயபாய், இது நன்றாகச் சுருதி சேர்த்த சாதாரணப் பியானோ" என்றார். உன் பக்கம் திரும்பி இரண்டு முறை கேட்டார், யார் இதைச் செய்தது என்று. நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவரிடம் பால்கோவாவை நீட்டினாய்.

வேலுத்தாயை நினைவிருக்கிறதா? வ. புதுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாரே, பருத்தி எடுக்கப் போகிறவர். லெந்து தவக்காலம் தொடங்கும் முன்னால் வருடத்துக்கு ஒரு தரம் அப்பா அவரைப் பியானோ பக்கத்தில் நிறுத்திக் கீர்த்தனை பாடச் சொல்வார். அந்தத் தொண்டை எங்கே போய் நிற்கிறதோ, அங்கே கம்பியை இறக்கி வைப்பார், இல்லையென்றால் ஏற்றி வைப்பார். நம் சனத்தின் காந்தாரம் பியானோவில் கிடையாது, இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. பியானோவுக்குத் தக்கபடி பாடுங்கள் என்று எல்லா ஊரிலும் சனத்தைத் திருத்தினார்கள். அப்பா சனத்துக்குத் தக்கபடி பியானோவைத் திருப்பினார். வேலுத்தாய் செத்த பிறகும் அந்தக் குரலை மனதில் வைத்து, தான் சாகும்வரை அப்படியே வைத்துக்கொண்டு வந்தார். நாகர்கோவில்காரர் தப்பு என்று சிரித்தாரே, அந்தத் தப்புதான் என் ஆராய்ச்சி. அந்தத் தப்புதான் எனக்கு மிச்சமிருந்த வாழ்க்கை.

எண்பத்தைந்து கட்டையில் எழுதி வைத்த ஒரே புத்தகம் அது. நீ அதைச் சுத்தமாகத் துடைத்துப் புதுக் காகிதமாக வைத்துவிட்டாய்.

வேறு ஆதாரம் உண்டா என்று டாக்டர் கேட்டார். 1983 கிறிஸ்துமஸில் நான் அளந்த பதினோரு கட்டைகள் இருக்கின்றன. எழுபத்தொன்பதில் அந்தப் பியானோவைப் பதிவு செய்த கேசட் இருக்கிறது. டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் அதில் சுருதி வழுக்கிக்கொண்டே போகிறது. இதற்குக் கையெழுத்துப் போட முடியாது என்றார். ஜூன் முதல் எனக்கு வேலை இல்லை.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. நீயும் உபதேசியார் பிள்ளைதானே. அப்பா கம்பி முறுக்கும்போதெல்லாம் விளக்கு பிடித்தவன் நீதானே. மூன்று நாள் அந்த மனிதர் உன் கண்முன்னால் அப்பாவை அழித்துக்கொண்டிருந்தபோது உன் காது எங்கே போயிருந்தது?

ஜெயபாய்

---

ராஜபாளையம்
2 ஜூன் 1986

ஜெயா,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

இம்புட்டையும் நீ மார்ச் மாதத்துக் கடிதத்தில் எழுதியிருக்கலாமே. எனக்குத் தலை சுற்றும் என்று எழுதினாய். சுற்றினால் சுற்றிவிட்டுப் போகுது, ஒரு வரி எழுதியிருந்தால் என் சுண்டுவிரல் அதன்மேல் பட்டிருக்காதே.

காதைப் பற்றிக் கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முடியாது. மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

பொன்னுராஜ்

---

ராஜபாளையம்
16 ஆகஸ்ட் 1992

ஜெயா,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படி. ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

உன் காது எங்கே போயிருந்தது என்று கேட்டாய். மில்லில் போயிருந்தது. எழுபத்தெட்டிலேயே வலது காது அடைத்துவிட்டது, எண்பத்தி நாலில் இடதும் போனது. ரிங் பிரேம் இரைச்சலில் யாருமே வாயைப் பார்த்துத்தான் பேசுவோம், அதனால் எவனுக்கும் தெரியவில்லை. தெரிந்தால் காது கேட்காத பிட்டரை மிஷின் பக்கத்தில் விடமாட்டார்கள், வெளியே அனுப்பிவிடுவார்கள். உன் மதினிக்கு மட்டும் தெரியும். அதைக் காகிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. போன மாதம் ரிட்டையர் ஆகிவிட்டேன். இனி யாருக்குத் தெரிந்தால் என்ன.

அந்த மதுரைக்காரர் கம்பி முறுக்கினது என் கண்ணுக்கு அப்பா முறுக்கினது மாதிரியேதான் தெரிந்தது. உன் டாக்டர் என்னிடம் என்ன கேட்டார் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தாடி மறைத்துவிட்டது. நல்லா இருக்கு என்று சொல்கிறார்போல என்று நினைத்துத்தான் பால்கோவா கொடுத்தேன்.

இப்போது சொல்ல வந்தது வேறு. சபையில் பேட்டரியில் ஓடுகிற கீபோர்டு வாங்கிவிட்டார்கள். பியானோவைப் பின்னால் சாமான் அறையில் தள்ளிவிட்டார்கள். ஒரு வருஷமாக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அங்கே போய் அதை அப்பா வைத்த மாதிரி திருப்பி வைக்கப் பார்க்கிறேன்.

சிரிக்காதே. செவிடன் எப்படி வைப்பான் என்று உன் மதினியும் கேட்டாள். "அந்தப் பொட்டிக்கே தாலி கட்டியிருக்கலாம்லா நீங்க" என்கிறாள். ஒரு மர ஸ்கேலின் ஒரு முனையைப் பியானோ பலகையில் ஊன்றி, மறு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வேன். கீழ்க் கட்டைகள் அதிருவது பல்லில் வரும். மேல் கட்டைகள் வராது. அதற்கு அப்பா கை அசைந்த நினைவுதான். விளக்கு பிடித்தவன் நீதானே என்று கேட்டாயே, ஆமாம், நான்தான். சத்தத்தைக் கவனிக்கவில்லை, கையைத்தான் கவனித்தேன். சின்ன வயசிலிருந்தே எனக்கு அதுதான். காந்தாரத்துக்கு வந்ததும் அப்பா மணிக்கட்டு முதலில் நன்றாக இறங்கும், வேலுத்தாயைப் பார்ப்பார், அவிய தலையை இல்லை என்று ஆட்டுவாவ, பொறவு மணிக்கட்டு ஒரு மயிரிழை ஏறும். எல்லாக் கட்டைக்கும் அப்படி ஒரு அளவு உண்டு. பிட்டருக்கு அளவு மறக்காது.

கஷ்டம் என்னவென்றால், நான் விட்ட ஆயில் ஆணிக் குழிக்குள் இறங்கிவிட்டது. முறுக்கி வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்குள் வழுக்கிவிடுகிறது. உப்புத்தாளைத் துண்டாக வெட்டி ஆணியில் சுற்றி அடிக்கிறேன். ஒன்பது கம்பி அறுந்துவிட்டது. ஒன்று நெற்றியைக் கிழித்தது, மூன்று தையல்.

முடிந்ததும் எழுதுகிறேன். நீ வர வேண்டும்.

பொன்னுராஜ்

---

வேப்பேரி
5 செப்டம்பர் 1992

அண்ணே,

உன் கடிதம் கிடைத்தது. பாடம் படிக்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆறு வருடமாக அந்தக் கேள்வியை ஒரு நல்ல கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உனக்குக் காது கேட்காது என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கையை நான் மறைத்தேன், காதை நீ மறைத்தாய். உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள்!

நான் இப்போது வீட்டில் வைத்துப் பரீட்சைக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்றாம் கிரேடு, இரண்டாம் கிரேடு. ஒரே மூன்று உருப்படிகளை வருடம் முழுக்க இருபது பிள்ளைகள் அடிக்கிறார்கள். வாசித்துக் காட்ட வேண்டிய இடத்தில் இடது கையால் காட்டுவேன். அவர்கள் அம்மாமார், மிஸ்ஸுக்கு வாசிக்கத் தெரியுமா என்று அடுத்த அறையில் கிசுகிசுப்பது எனக்குக் கேட்கும். பட்டம், பதிவு எல்லாம் எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. டாக்டர் வேதசிரோமணியும் இறந்துவிட்டார்.

அதனால் நீ இதைச் செய்து இனி ஒன்றும் ஆகப் போவதில்லை. கேட்கிறாயா? கம்பி கண்ணில் பட்டால் என்ன செய்வாய்? விட்டுவிடு அண்ணே. நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஜெயா

---

ராஜபாளையம்
8 மார்ச் 1993

ஜெயா,

முடிந்துவிட்டது. உப்புத்தாள் பிடித்துக்கொண்டது, நாலு வாரமாக ஒரு ஆணியும் வழுக்கவில்லை. அறுந்த கம்பியில் ஆறை மாற்றிவிட்டேன், மூன்று கட்டை மட்டும் பேசாது. லெந்து முடிவதற்குள் வந்து கேள்.

சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும். வேறு யாருக்குத் தெரியும்? என் மனசு நோகும் என்று பார்த்துப் பொய் சொல்லாதே. அப்பாமேல் ஆணை. சரி என்றால் நான் நிம்மதியாகச் சாவேன். தப்பு என்றால் எந்தக் கட்டை என்று சொல், திரும்ப வைக்கிறேன்.

பொன்னுராஜ்

---

ஸ்ரீவில்லிபுத்தூர், கோயில் சாமான் அறை
27 மார்ச் 1993

அண்ணே,

நீ எனக்கு மூன்றடி தள்ளி நிற்கிறாய். வாயால் சொன்னால் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாய். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. ஐயாதுரையிடம் பழைய ஆராதனைச் சீட்டு வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரு பெரிய பியானோவின் முன் உட்கார்ந்தேன். இடது கையும் வலது கையில் மூன்று விரலும் வைத்து வேலுத்தாய் பாடின அந்த லெந்து கீர்த்தனையை வாசித்தேன். நீ ஸ்கேலைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாய். முடிந்ததும், "சரியா இருக்காட்டி?" என்று கேட்டாய். உன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று உனக்குத் தெரியாது. அறையில் அடுக்கியிருந்த நாற்காலியெல்லாம் அதிர்ந்தது.

நான் திரும்பவும் வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன். காந்தாரக் கட்டையை மட்டும் இருபது தரம் தட்டினேன். கண்ணை மூடி வேலுத்தாயை வரவழைத்துப் பார்த்தேன். அவர் முகம் வருகிறது. காதில் தொங்கும் பாம்படம் வருகிறது. பாடும் முன் முந்தானையால் உதட்டைத் துடைப்பது வருகிறது. பருத்திச் செடி கீறின விரல்கள் வருகின்றன. வாயைத் திறக்கிறார். குரல் வரவில்லை.

அண்ணே, எனக்கு அந்தச் சுருதி மறந்துவிட்டது.

இன்றைக்கு நேற்று மறக்கவில்லை. எண்பத்தி மூன்றில் பதினோரு கட்டையை அளந்தபோதே எனக்கு மிஷின் தேவைப்பட்டதே, அப்போதே மறந்திருக்க வேண்டும். பதினேழு வயதில் இந்த ஊரைவிட்டுப் போனேன். அதன் பிறகு ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம் சரியாகச் சுருதி வைத்த பியானோவில் வாசித்தேன். மதுரைக்காரர் மூன்று நாளில் இந்தப் பெட்டிக்குச் செய்ததை நானே எனக்கு முப்பது வருடம் உட்கார்ந்து செய்துகொண்டேன். நான் எதையோ பாதுகாத்து வைத்திருந்தவள் மாதிரி, நீதான் அழித்துவிட்டாய் என்று உனக்கு எழுதினேன். அன்றைக்கு மிஷினும் டாக்டரும் இல்லாமல் நான் மட்டும் வந்து இதைத் தட்டியிருந்தால், நீ மாற்றிவிட்டாய் என்று எனக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

உன் கட்டைகள் கீபோர்டு மாதிரி இல்லை. கோணலாக இருக்கின்றன. அது அப்பாவின் கோணலா, உன் கோணலா, வழுக்கின ஆணியின் கோணலா என்று சொல்ல, எனக்குத் தெரிந்து, யாரும் உயிரோடு இல்லை. கோயிலில் அந்தக் காலத்தில் பாடினவர்களில் இருளம்மாள் ஒருத்திதான் மிச்சம் என்று ஐயாதுரை சொன்னான். போன வாரம் ஊருக்கு வந்ததும் அவரைப் போய்ப் பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அவர் கீபோர்டுக்குத் தக்கபடிதான் பாடுகிறார். நன்றாகப் பாடுகிறார்.

நீ ஆணை வைத்துக் கேட்டாய். சரி என்றால் பொய். தப்பு என்றால் அதுவும் பொய். எந்தக் கட்டை என்று கேட்டாய், எனக்கு ஒரு கட்டையைக்கூடக் காட்டத் தெரியவில்லை.

இப்போது இந்தச் சீட்டை உன்னிடம் நீட்டப் போகிறேன். நீ இன்னும் ஸ்கேலைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறாய், நான் இன்னொரு தரம் வாசிப்பேன் என்று. அதை வாயிலிருந்து எடுத்துவிடு. இனி வாசிக்க மாட்டேன்.

அப்பாமேல் ஆணை அண்ணே, எனக்குத் தெரியவில்லை.

ஜெயா